உரம் மிகுந்தால் உறவு குறையும்
மலைக்காடு காட்டும் பாடம்

மலையில் நிற்கும் மரங்களுக்கு யார் உரமிடுகிறார்கள்? யாரும் இல்லை. ஆயினும் அவை ஓங்கி வளர்கின்றன. உதிர்ந்த சருகு மட்கி மண்ணில் சேர்வது இதற்கு ஒரு காரணம். வேரோடு கூடி வாழும் பூசணம் மற்றொரு காரணம்.

மில்லர்புரம் உள்ளிட்ட தூத்துக்குடிப் பகுதி மக்களுக்கு உரம் புதிதல்ல. 1975-ஆம் ஆண்டில் ஸ்பிக் உரத் தொழிற்சாலை இங்கு உற்பத்தியைத் தொடங்கியது. உரத்தால் விளைச்சல் பெருகியது உண்மை. ஆனால் தேவைக்கு மேல் இடும்போது மண்ணுக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதை மலைக்காட்டில் நடந்த ஒரு சோதனை விளக்குகிறது.

வேரும் பூசணமும்

பூசணம் என்றதும் நோய்தான் நினைவுக்கு வரும். இது நோய்ப் பூசணம் அல்ல. வேருக்குள் குடியிருந்து, மயிரினும் மெல்லிய இழைகளை மண்ணில் பரப்பும் நன்மை செய்யும் பூசணம். வேர் எட்டாத இடத்திலுள்ள மணிச்சத்து, துத்தநாகம் ஆகியவற்றை எடுத்து வந்து கொடுக்கும். இலையில் தயாராகும் சர்க்கரையில் ஒரு பங்கை மரம் அதற்குத் தரும். வாரத்துக்குப் பயிரிடுவது போன்ற ஏற்பாடு இது. வேர்ப் பூசண உறவுக்கு 1885-இல் பெயர் சூட்டியவர் ஜெர்மானிய விஞ்ஞானி பிராங்க்.

காட்டில் ஒரு மூட்டை யூரியா

தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் தென்பகுதி மலைக்காடுகளில் 2008-இல் இச்சோதனை தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000, 2000, 3000 மீட்டர் உயரங்களில் பாத்திகள் அமைத்தனர். ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்தையும், 10 கிலோ பாஸ்பரசையும் தனித்தனியாகவும் சேர்த்தும் இட்டனர்.

ஏக்கர் கணக்கில் பார்த்தால் இந்தத் தழைச்சத்து 44 கிலோ யூரியாவில் உள்ளது. அதாவது, இன்றைய 45 கிலோ மூட்டையில் ஏறக்குறைய ஒன்று. நெல்லுக்குப் பரிந்துரைக்கப்படும் அளவில் பாதிகூட இல்லை. பாஸ்பரசோ, ஏக்கருக்கு 20 கிலோ டி.ஏ.பி.யில் உள்ள அளவுதான்.

இந்தச் சிறு அளவுக்கே மாற்றம் தெரிந்தது. சில வகை மரங்கள் வேகமாகப் பருத்தன. வேறு சில வகைகள் அசையவே இல்லை. வேரில் வாழும் பூசண வகைகள் சில ஆண்டுகளுக்குள் குறைந்தன. இந்த முடிவு 2014-இல் வெளியாயிற்று. சத்து தாராளமாகக் கிடைக்கும்போது, மரம் பூசணத்துக்குத் தரும் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளும். கூலி குறைந்தால் ஆள் நிற்பானா?

வேகமாக வளரும் மரம் மற்றதை நிழலில் அமுக்கும். இப்படியே பல்லாண்டு நீடித்தால் காட்டின் அமைப்பே மாறக்கூடும்.

காட்டில் யார் உரமிடப் போகிறார்கள் என்று கேட்கலாம். ஈரம் குறைந்த மேல்மண்ணில் தூவிய யூரியாவில் ஒரு பகுதி அம்மோனியா வாயுவாகிக் காற்றில் கலக்கிறது. அது மழையோடு வேறிடத்தில் இறங்கும். அந்த இடம் காடாகவும் இருக்கலாம். ஸ்ரீவைகுண்டம் அணையால் பாசனம் பெறும் நெல்லுக்கும் வாழைக்கும் உயிராயுள்ள தாமிரபரணி, பொதிகை மலைக்காட்டில்தான் பிறக்கிறது என்பதை மறக்கலாகாது.

வயலில் செய்ய வேண்டியவை

சோளம், மக்காச்சோளம், கம்பு, பருத்தி, மிளகாய், வெங்காயம், பயறு வகைகள், வாழை ஆகியவற்றின் வேரிலும் இத்தகைய பூசணம் உண்டு. கடுகு, முட்டைக்கோஸ் குடும்பப் பயிர்களில் இல்லை. நீர் தேங்கும் நெல் வயலில் அதிகம் பெருகாது.

இதற்காக உரத்தை அறவே நிறுத்த வேண்டியதில்லை. மணிச்சத்து குறைந்த மண்ணுக்கு அதை இட்டே ஆக வேண்டும். ஏற்கெனவே மிகுந்துள்ள மண்ணில் மேலும் இடுவதுதான் வீண் செலவு. அது பூசணத்தின் வேலையையும் கெடுக்கும். ஆகவே,

* மண் பரிசோதனை செய்து, சிபாரிசுப்படி மட்டும் மணிச்சத்தை அடியுரமாக இடவேண்டும்.

* யூரியாவைப் பிரித்து, மண்ணில் ஈரம் இருக்கும்போது இட்டு, மண்ணோடு கலந்துவிட வேண்டும்.

* நாற்றங்காலில் சதுர மீட்டருக்கு 100 கிராம் 'வேம்' எனப்படும் வேர் உட்பூசணத்தை, விதைக்கும்போது 2 முதல் 3 செ.மீ. ஆழத்தில் இடலாம். பாலிதீன் பையில் வளரும் கன்றுக்கு 5 முதல் 10 கிராமும், வளர்ந்த மரத்துக்கு 200 கிராமும் போதும். இவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவுகள்.

* தேவையின்றிப் பூசணக்கொல்லியை மண்ணில் ஊற்றக்கூடாது.

* நிலத்தை நீண்ட காலம் வெறுமனே போடாமல் பயறு விதைப்பது நல்லது. உயிருள்ள வேர் இருந்தால்தான் பூசணம் பெருகும்.

டி.ஏ.பி. மூட்டையைப் பிரிக்கும் முன்பு, அந்த மண்ணுக்கு அது தேவைதானா என்று அறிந்து கொள்வது சிறு விவசாயிக்குச் சிக்கனம், மண்ணுக்கும் நல்லது.