மெத்தைத் தையலிட்ட சட்டி பிடிதுணி தைத்தல்



சோறு வடிக்கும்போது அம்மா சேலைத் தலைப்பை மடித்துப் பானையைப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஆபத்தான பழக்கம். ஒரு கை பானையில் இருக்கும்போது தலைப்பின் நுனி அடுப்பில் விழுந்து தீப்பற்றலாம். மெல்லிய துணியினூடாகச் சூடு விரைவில் கையை எட்டுவதால் பானை நழுவிக் கொதிநீர் காலிற் கொட்டவும் கூடும். இதைத் தவிர்க்கப் பிடிதுணி ஒன்று போதும். இதனைத் தைக்கும் முறையையும், ஒவ்வொரு படிமுறைக்குமான காரணத்தையும் விளங்கிக்கொள்வோம்.

மெத்தைத் தையல் என்றால் என்ன?

மேற்படை, நடுப்படை, அடிப்படை ஆகிய மூன்றையும் ஒன்றாக அடுக்கி, அவை விலகாதபடி ஊடுருவித் தைப்பதே மெத்தைத் தையல் ஆகும். நடுப்படையின் நார்களுக்கிடையே வளி அடைபட்டு நிற்கும். அசைவற்ற வளி வெப்பத்தை அரிதிற் கடத்தும். ஆகவே கையைக் காப்பது துணி மட்டுமன்று, துணிக்குள் அடைபட்ட வளியுமாகும்.

துணி ஈரமானால் வளி இருந்த இடத்தை நீர் நிரப்புகிறது. நீர், அசைவற்ற வளியிலும் 20 மடங்குக்கு மேலாக வெப்பத்தைக் கடத்தும். எனவே ஈரமான பிடிதுணியால் சூடான பாத்திரத்தைத் தொடக்கூடாது.

தேவையான பொருட்கள்

• 20 சென்ரிமீற்றர் சதுரப் பருத்தித் துணி – 2
• அதே அளவில் பழைய பருத்தித் துவாய்த் துண்டு – 2
• 5 சென்ரிமீற்றர் அகலமும் 90 சென்ரிமீற்றர் நீளமும் உடைய, நூலோட்டத்துக்கு 45 பாகை சரிவாக வெட்டிய துண்டு (தேவையெனில் பொருத்தி நீளமாக்கலாம்)
• கொளுவி வைக்கும் வளையத்துக்கு 10 சென்ரிமீற்றர் நாடா
• பருத்தி நூல், ஊசி, குண்டூசி, கத்தரிக்கோல், அளவுநாடா, தையல் சோக்கு

பொலியெஸ்ரர், நைலோன் துணிகளைப் பயன்படுத்தலாகாது. இவை சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். நூலும் பருத்தியாக இருப்பது நன்று. பருத்தி உருகாது, ஆனால் தீப்பற்றும் என்பதை மறவாதீர்கள்.

செய்முறை

1. புதிய துணியைக் கழுவி உலர்த்தி அழுத்துக. முதற் கழுவலிற் சுருங்கினால் தைத்த பின் மேற்பரப்பு கோணலாகும்.
2. மேற்துணியில் மூலைக்கு மூலை ஒரு கோடும், அதற்குச் சமாந்தரமாக 3 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஏனைய கோடுகளும் வரைக. மறுபக்கம் சாய்வாகவும் இவ்வாறே வரைந்தால் கட்டங்கள் கிடைக்கும்.
3. அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்க விரித்து, துவாய்த் துண்டுகளை வைத்து, மேற்துணியை நல்ல பக்கம் மேலே தெரிய அடுக்குக.
4. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தற்காலிகத் தையல் இடுக. ஓரத்திலிருந்து தொடங்கினால் துணி நடுவிற் பொம்மி நிற்கும்.
5. கோடுகளின் வழியே ஓடுதையல் இடுக. தடிப்பினால் ஊசி சரிந்து போனால், ஊசியை நேராகக் கீழே குத்தி இழுத்து, மீண்டும் கீழிருந்து மேலே குத்துக. நூலை இறுக்கி இழுத்தால் நார்கள் நசுங்கி வளியின் அளவு குறையும்.
6. நாணயமொன்றை வைத்து நான்கு மூலைகளையும் வட்டமாக வெட்டுக. நாடாவை இரண்டாக மடித்து, அதன் நுனிகளைப் பின்பக்க ஓரத்தில் ஒரு மூலையில் பொருத்துக.
7. சரிவுத் துண்டின் நல்ல பக்கத்தை மேற்துணியின் நல்ல பக்கத்தோடு சேர்த்து, ஓரத்திலிருந்து 1 சென்ரிமீற்றர் உள்ளே சுற்றிவரத் தைக்குக. பின்பு அதனைப் பின்பக்கம் திருப்பி, நுனியை உள்ளே மடித்து விளிம்புத் தையல் இடுக. சரிவாக வெட்டிய துண்டு இழுபடுவதால் வளைவிற் சுருக்கமின்றிப் படியும்.
8. தற்காலிகத் தையலைப் பிரித்து அகற்றுக.

மாதிரி வினா

பிடிதுணியின் நடுப்படைக்கு உதிரிப் பஞ்சிலும் துவாய்த் துண்டு ஏற்றது. ஏன்? இரண்டு காரணங்கள் தருக.

விடை: (1) பஞ்சு கழுவும்போது ஓரிடத்திற் திரளும், பஞ்சு இல்லாத இடத்தினூடாக வெப்பம் கையை அடையும். துவாயின் தடிப்பு எங்கும் ஒரே சீராக இருக்கும். (2) துவாய் வெட்டுவதற்கும் அடுக்கித் தைப்பதற்கும் இலகுவானது.

"பஞ்சு நல்லதல்ல" என்று மட்டும் எழுதினால் அது காரணமாகாது. என்ன நிகழும், அதனால் என்ன தீமை என்ற இரண்டையும் எழுதுங்கள்.

கவனத்திற்கு

பிடிதுணியை அடுப்பிலிருந்து விலகிய உலர்ந்த இடத்திற் கொளுவுக. தேய்ந்து ஓட்டை விழுந்தால் மாற்றுக. கையிற் சூடுபட்டால் பற்பசை பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் பிடித்திருக்க வேண்டும். ஐஸ் வைக்கக்கூடாது. காயம் பெரிதாயின் வைத்தியரை நாடுக.

தைத்து முடித்த துணியை வீட்டில் அம்மாவிடம் கொடுங்கள். அவர் கை சுடாமல் பானையை இறக்கினால் உங்கள் செயன்முறை சரியாக அமைந்துள்ளது என்பது பொருள்.