உழைப்பவர்க்கு ஏற்ற மிதிவண்டி

ஒரு பொருளை விலை கொடுத்துக் கொள்ளுமுன், அதனால் வரும் பயனையும் அதற்காகும் செலவையும் ஒருங்கு வைத்து நோக்குதல் அறிவுடையார் செயலாம். வள்ளுவனார் 'தெரிந்துசெயல்வகை' என ஓர் அதிகாரமே வகுத்தனர். கோபுரம் எழுப்பக் கருதுவோன் முதலில் அமர்ந்து கணக்குப் பார்த்தல் வேண்டும் என்பது நம் ஆண்டவர் அருளிய உவமையின் கருத்து. மன்னர்க்கும் கோபுரத்திற்கும் உரைத்த விதி, மாணவன் வாங்கும் மிதிவண்டிக்கும் பொருந்துமோ என நகைப்பாரும் உளர். அன்னார் பொருட்டு, எம் தோழர் ஒருவர்க்கு நேர்ந்ததனை முதற்கண் கூறி, பின்னர் இப்பொருளை விளக்கப் புகுவாம்.

அத்தோழர் விடியற்காலையில் பாளையங்கோட்டைத் தெருக்களில் செய்தித்தாள் போடுபவர். மாலையில், கைப்பேசி வழியே வரும் கட்டளைப்படி, திருநெல்வேலிச் சந்திப்பின் அருகேயுள்ள கடையிலிருந்து மளிகைப் பொருள்களை வீடுதோறும் சேர்ப்பிப்பவர். அவ்வூதியமே அவர்க்குக் கல்லூரிச் சம்பளம். பழைய வண்டி பயனற்றுப் போகவே, தடித்த டயரும், வில் அமைந்த முன் ஃபோர்க்கும், பல கியர்களும் உடைய புது வண்டி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினார். கண்டோர் வியந்தனர், யாமும் வியந்தோம். மூன்றாம் திங்களில், பின்சக்கரத்தருகே தொங்கும் கியர் மாற்றி ஒரு கல்லில் மோதி வளைந்து ஆரக்கம்பிகளிற் சிக்குண்டது. தெருமுனைக் கடைக்காரர் அவ்வுறுப்பு தம்மிடம் இல்லை என்றார். அது வந்துசேர எட்டு நாள் ஆயிற்று. அதற்குள் செய்தித்தாள் வேலை வேறொருவர் கைக்குச் சென்றுவிட்டது. அப்பருவத்துத் தேர்வுக் கட்டணத்தை நண்பர்கள் கூடிச் செலுத்தினோம். மலிவென வாங்கிய வண்டியே மிகுவிலை வண்டியாய் முடிந்தது.

இதனால் யாம் தெளிந்தது ஒன்று. எவ்வண்டி பழுதுற்ற அன்றே தெருமுனைக் கடையிற் செப்பமுற்று மீளுமோ, அதுவே உழைப்பவர்க்கு மலிவான வண்டி. ஒருவன் நாளொன்றுக்கு 200 ரூபாய் ஈட்டுகின்றான் எனக் கொள்வோம். அவன் 1,000 ரூபாய் குறைத்து வாங்கிய வண்டி ஆண்டில் ஐந்து நாள் நின்றுவிடின், குறைத்த தொகை முழுதும் கரைந்து போம். ஆறாம் நாள் முதல் நட்டமே.

இவ்வளவுகோல் கொண்டு நோக்குங்கால், நம் தெருக்களில் நெடுநாளாய் ஓடிவரும் கறுப்பு நிறப் பெரிய சைக்கிளே முன்னிற்கின்றது. இதன் குலமுதல், 1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி ஆக்கிய 'ரோவர்' வண்டியாம். ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரு சக்கரமும், பின்சக்கரத்தைச் சுழற்றும் செயினும் அதனாற் பரவின. 1888-இல் டன்லப் என்பார் காற்றடைத்த டயரைச் சேர்த்தனர். இவ்வமைப்பு பெரிதும் மாறாது நிலைத்தமையின், ஒரு கம்பெனியார் செய்த டயரும் டியூபும் செயினும் ஃப்ரீவீலும் மற்றொருவர் செய்த வண்டிக்கும் பொருந்துகின்றன. கடைக்காரரும் அவற்றை எப்பொழுதும் கைவசம் வைத்துள்ளனர். இதுவே அவ்வண்டியின் தலையாய சிறப்பு.

சுமை ஏற்றுவோர் இவற்றை நோக்குக. மேற்பார் ஒன்றாயின்றி இரண்டாயிருத்தல் நன்று. முன்சக்கரத்தில் 32 கம்பியும் பின்சக்கரத்தில் 40 கம்பியும் இருத்தல் பழைய வழக்கம்; பாரத்தின் பெரும்பகுதி பின்னே விழுதலின் இவ்வேற்றுமை. கேரியர் மெல்லிய தகடாயிராது, அச்சிலே இறுக ஊன்றிய கம்பிகளின்மேல் நிற்கவேண்டும். ஸ்டாண்டு இருகால் உடையதாயின், சுமையேற்றும்போது வண்டி சாயாது. வில் அமைந்த ஃபோர்க்கு மலிந்த விலை வண்டியில் எடையைக் கூட்டுமேயன்றிப் பெரும்பயன் தாராது.

இவ்வண்டிக்கும் குறை இல்லாமலில்லை. எடை ஏறத்தாழ 20 கிலோ ஆம். மழையில் நனைந்த இரும்பு ரிம்மைப் பிரேக்குக் கட்டை எளிதிற் பற்றாது. ஆகலின், மழைக்காலத்தில் முன்னதாகவே மெல்லப் பிடித்து, ரிம்மின் நீரைத் துடைத்த பின்னரே இறுகப் பிடித்தல் வேண்டும்.

எதிர்க்காற்றில் மிதிக்க இயலாதே என்பாரும் உளர். ஆனி, ஆடித் திங்களில் பாளையங்கோட்டையினின்று சுலோசன முதலியார் பாலத்தின் வழியே மேற்கு நோக்கிச் செல்வோர் இதனை நன்குணர்வர். இதற்குப் பல கியர் வேண்டுவதில்லை. பல் எண்ணிக்கையை அறிந்தாற் போதும். முன் பல்சக்கரத்தில் 44 பல்லும் பின் ஃப்ரீவீலில் 18 பல்லும் இருப்பின், பெடல் ஒருமுறை சுற்ற வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் செல்லும். ஃப்ரீவீலை 20 பல்லாக மாற்றின், அது ஐந்து மீட்டர்க்குச் சற்றுக் குறையும். செல்லும் தூரம் குறைந்த அளவிற்குக் காலின் பாரமும் குறையும். சிறு செலவில் ஆகும் மாற்றம் இது. மலைப்பாங்கான ஊரினர்க்குக் கியர் வண்டி தேவையே. புத்தகம் மட்டும் சுமந்து நெடுந்தொலை வருவோர்க்கு எடை குறைந்த வண்டி நலமே. சேலை உடுத்துவோர்க்கு மேற்பார் இல்லாத வண்டி வேண்டும். வேலைக்கேற்ப வண்டி என்பதே எம் கருத்து.

புதியது வாங்கப் பொருளில்லாதோர் பழையது வாங்க நாணவேண்டா. ஆயின் கூர்ந்து நோக்குக. கைப்பிடியின் கீழே பார்கள் கூடுமிடத்தில் பெயின்ட் வெடித்தோ சுருங்கியோ காணப்படின், அவ்வண்டியை விடுக. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றின், ரிம் இருபுறமும் ஆடாது செல்லவேண்டும். சிறிது ஆடின் கடையிற் பெண்டு எடுக்கலாம். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைக்க அச்சிலே ஆட்டம் தெரியின், கோனும் பால்ஸும் தேய்ந்திருக்கக்கூடும். செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம் இருத்தல் முறை. அது 1/16 அங்குலம் நீண்டிருப்பின் செயினை மாற்றுக. 1/8 அங்குலம் நீண்டிருப்பின், பல்சக்கரங்களும் தேய்ந்தன எனக் கொண்டு விலையைக் குறைத்துக் கேட்க. சீட்டில் அமர்ந்து, கீழே சென்ற பெடலின்மேல் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீளவேண்டும். அதுவே தக்க உயரம். இறுதியாக, விற்பவர் வாங்கிய ரசீதையும் பாரிற் பொறித்த எண்ணையும் ஒப்பிடாது பணம் கொடுக்கற்க. களவு போன வண்டியை மலிவாய் வாங்குபவன், தன்னைப் போன்ற ஓர் ஏழையின் கூலியைக் கவர்ந்தவனாவான்.

எம் தோழர் தம் புது வண்டியை விற்று, இரட்டைப் பார் உள்ள பழைய வண்டி ஒன்றை வாங்கி, ஓவராயில் செய்வித்துக்கொண்டார். வேறொரு தெருவில் செய்தித்தாள் வேலையும் கிடைத்தது. விடுதியிலுள்ள யாம் எழுமுன்னரே அவர் வண்டியின் மணியொலி மதிலுக்கப்பால் கேட்கின்றது. அவ்வண்டியைக் கண்டு வியப்பார் ஒருவருமிலர். ஆயினும், இப்பருவத்துக் கட்டணத்தை அவர் தாமே செலுத்தினர்.