நேத்து ஓப்பன் ஆன ஃபைல், இன்னிக்கு ஏன் 'பிளாக்' ஆகுது? - அப்டேட்டுக்குப் பிறகு செய்ய வேண்டியதும் செய்யக் கூடாததும்!

மீஞ்சூர் தாண்டி காட்டுப்பள்ளிக்குப் போகும் சாலை. முன்னாலும் பின்னாலும் கன்டெய்னர் டிரெய்லர்கள். வரிசையில் நிற்கும் டிரைவர் அண்ணன் ஆபீஸுக்கு போன் போடுகிறார். "ஃபார்ம் 13 இன்னும் வரலையே... பின்னாடி வண்டி நிக்குதுங்க, சீக்கிரம் அனுப்புங்க."

அந்த ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதமான புது ஆள் நீங்கள் என்று வைத்துக்கொள்வோம். மெயிலில் வந்த பிடிஎஃப்-ஐ டவுன்லோடு செய்து, ஃபோல்டரில் அதன் மேல் ஒரு கிளிக். வழக்கமாக வலது பக்கம் தெரியும் பிரிவியூ தெரியவில்லை. 'இந்த ஃபைல் உங்கள் கம்ப்யூட்டருக்கு ஆபத்தாக இருக்கலாம்' என்கிற மாதிரி ஒரு எச்சரிக்கைதான் வருகிறது. நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாதானே இருந்துச்சு? ஆமாம். நடுராத்திரியில் கம்ப்யூட்டர் அப்டேட் ஆகி, தானாக ரீஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது ஆபீஸில் ஆளுக்கொரு யோசனை வரும். "அந்த அப்டேட்டையே தூக்கிடு", "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு", "பென் டிரைவ்ல போட்டுப் பாரு". மூன்றுமே வேண்டாம். என்ன நடந்தது என்று புரிந்துவிட்டால், பெரும்பாலும் ரெண்டு நிமிஷ வேலைதான்.

ஃபைலுக்கு ஒரு 'ஊர்ச் சீட்டு' உண்டு!

இணையத்திலிருந்து ஒரு ஃபைலை இறக்கும்போது, பிரவுசர் அதன் முதுகில் சத்தமில்லாமல் ஒரு சீட்டை ஒட்டி அனுப்புகிறது. இதற்குப் பெயர் 'மார்க் ஆஃப் தி வெப்'. 2004-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 காலத்திலிருந்தே டவுன்லோடு ஃபைல்களுக்கு இந்தப் பழக்கம் இருக்கிறது. ஃபைல் எங்கிருந்து வந்தது என்பதை விண்டோஸ் எண்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. 1 என்றால் ஆபீஸ் நெட்வொர்க், 2 என்றால் நீங்கள் நம்பும் இடம், 3 என்றால் இணையம், 4 என்றால் தடை செய்யப்பட்ட இடம். டவுன்லோடு ஆகும் ஃபைலுக்குப் பொதுவாக விழுவது 3.

துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னருக்குக்கூட 'எங்கிருந்து வந்தது' என்று ஒரு காகிதம் இருக்கும் இல்லையா... அதே கதைதான். சீட்டு இருப்பதாலேயே உள்ளே இருக்கும் சரக்கு கெட்டது என்று அர்த்தமில்லை. 'வெளியூர்ச் சரக்கு, கொஞ்சம் பார்த்துத் திற' என்றுதான் அர்த்தம்.

அப்டேட் வந்தபின் மாறுவது சீட்டு இல்லை; சீட்டைப் பார்த்ததும் விண்டோஸ் என்ன செய்ய வேண்டும் என்கிற விதி. அதனால்தான் ஃபைலில் எந்த மாற்றமும் இல்லாமலேயே திடீரென்று பிளாக் ஆகிறது.

'பென் டிரைவ்ல போட்டா திறக்குதே!' என்று சிலர் சொல்வதன் ரகசியமும் இதுதான். இந்தச் சீட்டு 'என்டிஎஃப்எஸ்' முறையில் இயங்கும் டிஸ்க்கில்தான் ஒட்டியிருக்கும். பல பென் டிரைவ்கள் 'எஃப்ஏடி32' அல்லது 'எக்ஸ்-ஃபேட்' முறையில் இருக்கும். அங்கே போனதும் சீட்டு கிழிந்துவிடும். ஃபைல் சுத்தமாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அடையாளம் மட்டும்தான் தொலைந்திருக்கிறது.

எந்த அப்டேட், எதை பிளாக் செய்தது?

சமீப வருடங்களில் ஆபீஸ்காரர்களை அதிகம் குழப்பியவை மூன்று.

முதலாவது, மேக்ரோ. எக்செல் ஃபைலில் ஒரு பட்டனைத் தட்டினால் தானாகக் கணக்குப் போடுமே, அதுதான் மேக்ரோ. திருட்டு மெயில் அனுப்புகிறவர்களுக்கும் இது ரொம்பப் பிடித்த ஆயுதம். அதனால் 2022-ல் இருந்து, இணையத்திலிருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோ ஓடுவதை மைக்ரோசாஃப்ட் தடுத்துவிட்டது. மேலே சிவப்புப் பட்டை வரும். முன்பு இருந்த 'எனேபிள்' பட்டன் அதில் இருக்காது.

இரண்டாவது, அவுட்லுக் லிங்க். 2023 ஜூலை 11 அன்று வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு, மெயிலில் இருக்கும் சில லிங்க்குகள் திறக்கவில்லை. ஆபீஸ் சர்வரில் இருக்கும் ஒரு ஃபோல்டரை ஐபி எண்ணிலோ, முழு டொமைன் பெயரிலோ குறிப்பிட்டிருந்தால், 'இந்த இடம் பாதுகாப்பற்றதாக இருக்கலாம்' என்று எச்சரிக்கை வந்தது. பக்கத்து அறையில் இருக்கும் சர்வர்தான். ஆனால், பெயரில் புள்ளிகள் இருப்பதால் விண்டோஸ் அதை வெளியூர் என்று எண்ணிக்கொள்கிறது.

மூன்றாவது, பிரிவியூ. 2025 அக்டோபர் 14 முதல் வரும் அப்டேட்களில், இணையத்திலிருந்து இறக்கிய ஃபைல்களுக்கு ஃபைல் எக்ஸ்ப்ளோரர் பிரிவியூ காட்டுவதில்லை. காரணம் இருக்கிறது. ஃபைலுக்குள் வெளி முகவரி ஒன்றை ஒளித்து வைத்திருந்தால், நீங்கள் அதைத் திறக்கவே வேண்டாம்... பிரிவியூ பார்த்தாலே போதும். உங்கள் கம்ப்யூட்டர் அந்த முகவரியோடு பேசப் போய், லாக்-இன் பாஸ்வேர்டின் மறைகுறியாக்கப்பட்ட வடிவத்தைக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு. அந்த வாசலைத்தான் மூடியிருக்கிறார்கள்.

சரி, எப்படித் திறப்பது?

முதல் கேள்வி, 'திறக்கத்தான் வேண்டுமா?' பிரிவியூ வரவில்லை என்றால் ஃபைல் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. தெரிந்தவர் அனுப்பியது, நீங்கள் எதிர்பார்த்த ஃபைல் என்றால், டபுள் கிளிக் செய்து நேராகத் திறக்கலாம். வேர்டு, எக்செல் ஃபைலில் மேலே மஞ்சள் பட்டை வந்தால், படிப்பதற்கு எதையும் அழுத்தத் தேவையில்லை. திருத்த வேண்டும் என்றால் மட்டுமே 'எனேபிள் எடிட்டிங்'.

மேக்ரோவோ பிரிவியூவோ கட்டாயம் தேவை, அனுப்பியவரையும் தெரியும் என்றால் இதைச் செய்யுங்கள்:

1. ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து 'ப்ராப்பர்ட்டீஸ்' போங்கள்.

2. 'ஜெனரல்' பக்கத்தின் அடியில், 'இந்த ஃபைல் வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து வந்தது' என்ற வரி இருக்கும். பக்கத்தில் 'அன்பிளாக்' என்ற கட்டம்.

3. அதில் டிக் போட்டு, 'அப்ளை', 'ஓகே' கொடுங்கள். உடனே மாறவில்லை என்றால் ஒருமுறை லாக்-அவுட் செய்து, மறுபடி லாக்-இன் ஆகுங்கள்.

ஜிப் ஃபைலாக இருந்தால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் ஜிப்பை அன்பிளாக் செய்துவிட்டு, பிறகு பிரியுங்கள். முதலிலேயே பிரித்துவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் சீட்டு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் நாற்பது ஃபைலுக்கு நாற்பது டிக்!

அவுட்லுக் லிங்க்தான் பிரச்னை என்றால், கன்ட்ரோல் பேனலில் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்', அதில் 'செக்யூரிட்டி', அதில் 'லோக்கல் இன்ட்ராநெட்' அல்லது 'டிரஸ்டட் சைட்ஸ்' பகுதியில் அந்த சர்வரின் முகவரியைச் சேர்க்க வேண்டும். ஆனால், இந்த வேலையை நீங்களே செய்யாமல் ஆபீஸ் சிஸ்டம் அட்மினிடம் விடுவதுதான் நல்லது. ஒரு இடத்தை 'நம்பும் இடம்' என்று சேர்த்துவிட்டால், அங்கிருந்து வரும் எல்லா ஃபைல்களுக்கும் காவல் குறைந்துவிடும். சேர்க்கும்போதும் அந்த ஒரு சர்வரை மட்டும் சேர்க்க வேண்டும். 'எதுக்கு வம்பு' என்று மொத்த ஐபி வரிசையையும் சேர்க்கக் கூடாது.

டிக் போடும் முன் முப்பது விநாடி!

'அன்பிளாக்' என்பது, 'இதற்கு நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போடுவது மாதிரி. அதற்கு முன் மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, ஃபைலின் முழுப் பெயர். விண்டோஸ் கடைசி எழுத்துகளை மறைத்து வைத்திருக்கும். 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்' என்று தெரிவது, உண்மையில் 'இன்வாய்ஸ்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' ஆக இருக்கலாம். அப்படியென்றால் அது டாக்குமென்ட் கிடையாது, புரோகிராம். விண்டோஸ் 11-ல் ஃபோல்டரின் மேலே 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை ஆன் செய்துவைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இரண்டு, அனுப்பியவர். மெயிலில் தெரியும் பெயரை நம்ப வேண்டாம். ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் நம்பருக்கு ஒரு போன் போட்டு, "சார், நீங்கதான் அனுப்பினீங்களா?" என்று கேளுங்கள். அந்த மெயிலிலேயே இருக்கும் நம்பருக்குப் போடாதீர்கள். திருடனிடமே 'நீ திருடனா?' என்று கேட்டது மாதிரி ஆகிவிடும்.

மூன்று, மெயிலின் தொனி. 'சிவப்புப் பட்டை வந்தால் கவலைப்படாதீர்கள், ப்ராப்பர்ட்டீஸில் போய் அன்பிளாக் செய்யுங்கள்' என்று மெயிலிலேயே பாடம் எடுத்திருந்தால், நில்லுங்கள். பில் அனுப்புகிறவர் எதற்கு பூட்டைத் திறக்கச் சொல்லித்தர வேண்டும்?

சந்தேகம் தீர 'வைரஸ்டோட்டல்' தளத்தில் ஃபைலை ஏற்றிப் பார்க்கலாமே என்று தோன்றும். பொதுவான ஃபைல் என்றால் சரி. வாடிக்கையாளரின் பில், ஆதார், பேங்க் விவரம் இருக்கும் ஃபைலை அங்கே ஏற்ற வேண்டாம். அங்கே ஏற்றியதை வேறு ஆட்களாலும் எடுத்துப் பார்க்க முடியும்.

'அப்டேட்டையே தூக்கிட்டா என்ன?'

விண்டோஸின் மாத அப்டேட் ஒரே ஒரு விஷயத்துக்காக வருவதில்லை. பல ஓட்டைகளை ஒரே மூட்டையாக அடைக்கிறது. பிரிவியூ வேண்டும் என்று மூட்டையைத் தூக்கினால், மற்ற ஓட்டைகளும் சேர்ந்து திறந்துகொள்ளும்.

அதனால் என்ன ஆகும் என்று காட்டுவதற்கு, துறைமுகத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2017 ஜூன் 27. 'நாட்பெட்யா' என்ற நாசகார மென்பொருள் உக்ரைனில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. டென்மார்க்கின் மெர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கியது. அதன் குழும நிறுவனம் இயக்கிவந்த, மும்பை அருகே உள்ள ஜவஹர்லால் நேரு துறைமுகத்தின் ஒரு டெர்மினலும் ஸ்தம்பித்தது. கன்டெய்னர்கள் தேங்கின. மெர்ஸ்க் தன் 45,000 கம்ப்யூட்டர்களிலும் 4,000 சர்வர்களிலும் எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவ வேண்டியிருந்தது. நஷ்டம் 25 முதல் 30 கோடி டாலர் வரை என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது.

அது பரவப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று, விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது அதே வருடம் மார்ச் 14-ல். அதாவது, மூன்று மாதங்களுக்கு முன்பே! ஒரு நெட்வொர்க்கில் அப்டேட் போடாத ஒரு கம்ப்யூட்டர் கிடைத்தாலும் போதும். அதன் வழியாக நுழைந்து, பாஸ்வேர்டுகளைத் திருடி, அப்டேட் போட்ட மெஷின்களையும் அது பிடித்துவிடும். 'என் ஒரு சிஸ்டத்துல மட்டும்தானே' என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அதற்காக அப்டேட் எல்லாமே புனிதம் என்று சொல்ல வரவில்லை. 2024 ஜூலை 19-ல் 'க்ரவுட்ஸ்ட்ரைக்' என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் தவறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத்திரையில் உறைந்ததும், நம் ஊர் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்ததும் ஞாபகம் இருக்கும். கம்ப்யூட்டரே எழுந்திருக்கவில்லை என்றால் அது அப்டேட்டின் கோளாறு. குறிப்பிட்ட சில ஃபைலும் லிங்க்கும் மட்டும் எச்சரிக்கையோடு நின்றால், அது பெரும்பாலும் அப்டேட் தன் வேலையைச் செய்வதுதான்.

போனிலும் இதே கதைதான்!

வாட்ஸ்அப்பில் 'டிராஃபிக் ஃபைன்', 'கல்யாணப் பத்திரிகை' என்ற பெயரில் '.ஏபிகே' ஃபைல் வருகிறதா? பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப்-ஆகவோ வரும். ஏபிகே என்பது ஆப். அதை நிறுவ விடாமல் 'கூகுள் ப்ளே ப்ரொடெக்ட்' தடுத்தால், அதை ஆஃப் செய்துவிட்டு உள்ளே விடாதீர்கள். எஸ்.எம்.எஸ் படிக்கும் அனுமதியைக் கேட்டு, ஓடிபி-யை எடுத்துக்கொண்டு போவதுதான் இவற்றில் பலவற்றின் வேலை. கம்ப்யூட்டரிலாவது அன்பிளாக் செய்ய ஒரு நியாயம் இருக்கிறது. இதற்கு இல்லை.

ஒருவேளை அவசரத்தில் திறந்துவிட்டீர்களா? பதற வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். முதலில் வைஃபை, டேட்டா, நெட்வொர்க் கேபிள் எல்லாவற்றையும் துண்டியுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் அட்மினிடம் உடனே சொல்லுங்கள். வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். புது வேலை, திட்டுவார்களோ என்று யோசித்து இரண்டு மணி நேரம் தள்ளிப்போடுவதுதான் இதில் பெரிய நஷ்டம்.

அந்த டிரைவர் அண்ணனின் ஃபார்ம் 13? ஃபைலின் முழுப் பெயரைப் பார்த்தீர்கள், பிடிஎஃப்தான். அனுப்பியவருக்கு ஒரு போன், "நான்தான் அனுப்பினேன்" என்றார். டபுள் கிளிக், பிரின்ட், ஒரு போட்டோ எடுத்து அனுப்பியாச்சு. அன்பிளாக் செய்யக்கூடத் தேவைப்படவில்லை. வண்டி உள்ளே போயாச்சு!