48 மணி நேரம்: மருத்துவமனைக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை?

ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்கு ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவும் உண்டு. காலையில் சுற்றுவட்டார ஊர்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் நெடுஞ்சாலையில் வரிசையாக வரும். மாலையில் அதே பஸ்கள் அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடும். இடைப்பட்ட நேரம் சுகமாகக் கழிகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பசை நெடி, குனிந்த கழுத்து, எட்ட வேண்டிய உற்பத்தி இலக்கு எல்லாம் உண்டு. ஆனாலும் 1948-ம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் அந்த உழைப்புக்கு ஒரு வரம்பு கட்டியது: நாளுக்கு 9 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், அதற்கு மேல் போனால் இரட்டிப்புக் கூலி. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த 48 மாறவில்லை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் தமிழகச் சட்டப்பேரவையில் நிறைவேறியபோது தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

இதே நெடுஞ்சாலையில் விபத்து நடந்தால் 108 வண்டி போய் நிற்கும் இடத்தில் கணக்கு வேறு. அங்கே காயத்தைப் பார்க்கும் இளம் மருத்துவர் நேற்றுக் காலை டூட்டிக்கு வந்தவராக இருக்கலாம். நம் நாட்டின் பயிற்சி மருத்துவமனைகளில் முதுநிலை மாணவர்களுக்கு 24 மணி நேரம், 36 மணி நேரம் என்று நீளும் தொடர் டூட்டி ஒரு சடங்கு போலவே ஆகிவிட்டது. 'நாங்களும் இப்படித்தான் படித்தோம்' என்று மூத்தவர்கள் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும். இத்தனைக்கும் 1992-ல் மத்திய சுகாதார அமைச்சகம் பயிற்சி மருத்துவர்களுக்கு வகுத்த அளவு, தொடர்ச்சியாக 12 மணி நேரத்துக்கு மிகாமல், வாரத்துக்கு 48 மணி நேரம். ஷூ கம்பெனிக்கும் மருத்துவமனைக்கும் தாளில் எழுதப்பட்டது ஒரே எண்தான். கம்பெனியில் அதை மீறினால் கேள்வி கேட்கச் சங்கமும் ஆய்வாளரும் உண்டு. மருத்துவமனையில் அந்த எண்ணை நினைவில் வைத்திருப்பவர்களே குறைவு.

அதன் விளைவு என்ன? தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு 2024-ல் தந்த அறிக்கையில் விடை இருக்கிறது. கருத்துக் கணிப்பில் பங்கேற்ற முதுநிலை மாணவர்களில் 45 சதவீதம் பேர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் உழைக்கிறார்கள். 56 சதவீதம் பேருக்கு வார விடுப்பு ஒழுங்காகக் கிடைப்பதில்லை. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 31.2 சதவீதம். பத்தில் மூன்று பேர்! நம் மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைக்கும் கைகள் இவை. வார வேலை 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும், ஏழெட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று பணிக்குழு பரிந்துரைத்தது. 74 என்ற எண்ணை ஆம்பூரில் எந்தக் கம்பெனி வாசலில் ஒட்டினாலும் மறுநாள் போராட்டம் வெடிக்கும். மருத்துவமனையில் அதுவே நிம்மதியாகத் தெரிகிறது என்றால், நிலைமை எவ்வளவு முற்றிவிட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

'பர்ன் அவுட்' என்று மருத்துவ உலகம் இதைச் சொல்கிறது. 1974-ல் நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் பணியாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு சேவைக்கு வந்தவர்களே முதலில் வற்றிப்போவதைக் கண்டு எழுதினார். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளப்பதற்கு 22 கேள்விகள் கொண்ட ஒரு வினாத்தாளை உருவாக்கினார். மனம் முற்றாகக் களைத்துப்போவது, நோயாளியை மனிதராகப் பார்க்காமல் படுக்கை எண்ணாகப் பார்க்கத் தொடங்குவது, 'நான் செய்வதால் என்ன பயன்' என்று தோன்றுவது ஆகிய மூன்றையும் அது அளக்கிறது. இதில் இரண்டாவதை நாம் எல்லோரும் அனுபவித்திருக்கிறோம். 'அந்த நர்ஸ் ஏன் இப்படி எரிந்து விழுகிறார்?' என்று வார்டில் முணுமுணுத்த நேரங்களில் பெரும்பாலும் நாம் பார்த்தது அவருடைய குணத்தை அல்ல, அவருடைய மூன்றாவது நைட் டூட்டியை. 2019-ல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் பர்ன் அவுட்டை ஒரு நோயாகச் சேர்க்கவில்லை. வேலையிடத்தில் நீடித்த, சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தால் வரும் நிலை என்றே குறித்தது. ஆகவே சரிசெய்ய வேண்டியது முதலில் வேலையை.

வேலூர் வட்டாரத்தில் அந்த வேலையின் கனமே தனி. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சிஎம்சி) மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்க மொழியிலும் இந்தியிலும் எழுதிய லாட்ஜ் பலகைகளைப் பார்த்தாலே தெரியும், நோயாளிகள் எங்கிருந்தெல்லாம் வருகிறார்கள் என்று. இருப்பதையெல்லாம் விற்று, இரண்டு இரவு ரயிலில் உட்கார்ந்து வந்த ஒரு ஜார்க்கண்ட் குடும்பத்துக்கு, அவர்கள் மொழி சரியாகத் தெரியாத ஒரு சிஸ்டர் கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்லியாக வேண்டும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரிக்கும், ஆம்பூர், வாணியம்பாடி ஜிஎச்களுக்கும் தோல் தொழிற்சாலைகளில் இயந்திரத்தில் சிக்கிய கை, ரசாயனம் அரித்த தோல், வருடக்கணக்கில் இழுக்கும் மூச்சு என்று வந்துகொண்டே இருக்கும். நெடுஞ்சாலை விபத்துகளுக்கு இரவு பகல் இல்லை.

இந்தச் சுமையைக் குறைக்க என்னதான் செய்யலாம்? நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கு வேலூரே ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் தமிழகக் கடலோரத்துக்கு மனநல ஆலோசகர்கள் பலர் விரைந்தார்கள். பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, நடந்ததை ஒரே அமர்வில் முழுக்கச் சொல்லவைக்கும் முறை அப்போது உலகெங்கும் பரவலாக இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பீடோ, அந்த முறை பிற்கால மனப்பாதிப்பைத் தடுப்பதில்லை, சிலருக்கு அதை அதிகமாக்கவும் கூடும் என்று காட்டியிருந்தது. அதை நினைவூட்டியவர்களில் ஒருவர் சிஎம்சியின் மனநல மருத்துவர் பிரதாப் தர்யன். காக்ரேனின் தெற்காசிய மையத்தை வேலூரில் வளர்த்தெடுத்தவர் அவர். ஒரு துயரமான மரணம் நடந்த மறுநாள் வார்டு ஊழியர்களை வட்டமாக உட்காரவைத்து 'மனசைத் திறந்து பேசுங்கள்' என்று கட்டாயப்படுத்தும் நிர்வாகங்கள் இதைப் படிக்க வேண்டும்.

மருத்துவப் பணியாளர்களின் அழுத்தத்தைப் பற்றியே காக்ரேன் 2015-ல் 58 ஆய்வுகளைத் தொகுத்தது. உடலையும் மனத்தையும் தளர்த்தும் பயிற்சிகள் ஓரளவு உதவுகின்றன. பணி நேர அட்டவணையை மாற்றுவதும் அழுத்தத்தைக் குறைக்கக்கூடும். ஆனால் சான்றுகள் அவ்வளவு வலுவானவை அல்ல. அடுத்த ஆண்டு லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வில், பலவகை முயற்சிகளுக்குப் பின் பர்ன் அவுட் கொண்ட மருத்துவர்களின் பங்கு 54 சதவீதத்திலிருந்து 44 ஆகக் குறைந்தது தெரிந்தது. 2017-ல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு, தனிமனிதருக்குத் தரும் பயிற்சியைவிட நிறுவனம் தன்னை மாற்றிக்கொள்வதே கூடுதல் பலன் தருகிறது என்றது. ஞாயிற்றுக்கிழமை யோகா வகுப்பு வைத்து, திங்கட்கிழமை அதே 36 மணி நேர டூட்டி போட்டால் யோகாவின் மீதுதான் வெறுப்பு வரும்.

டூட்டி நேரத்தைப் பற்றிய ஆய்வுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2004-ல் பாஸ்டனில் கிறிஸ்டோபர் லாண்ட்ரிகனும் குழுவினரும் தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட டூட்டியையும் குறுகிய டூட்டியையும் ஒப்பிட்டார்கள். நீண்ட டூட்டியில் பயிற்சி மருத்துவர்களின் கடுமையான தவறுகள் 36 சதவீதம் அதிகம். நேரத்தைக் குறைத்தால் போதும் என்றுதான் அப்போது தோன்றியது. அதே லாண்ட்ரிகன் குழு 2020-ல் ஆறு குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஆய்வைப் பெரிதாக்கியபோது விடை தலைகீழாக வந்தது. குறுகிய டூட்டியில் தவறுகள் கூடின! காரணத்தைத் தேடியபோது, நேரத்தைக் குறைத்தவர்கள் ஆட்களைக் கூட்டவில்லை என்பது புலப்பட்டது. ஒவ்வொரு மருத்துவர் தலையிலும் நோயாளிகள் எண்ணிக்கை ஏறியிருந்தது. அந்தச் சுமையைக் கணக்கில் எடுத்துக்கொண்டதும் வித்தியாசம் மறைந்துவிட்டது. என் பார்வையில் இத்துறையின் மிக முக்கியமான முடிவு இதுதான். போர்வையைத் தலைக்கு இழுத்தால் கால் வெளியே தெரியும். ஆள் சேர்க்காமல் நேரத்தை மட்டும் வெட்டுவது அப்படித்தான்.

செவிலியர் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. பென்சில்வேனியாவில் லிண்டா ஐக்கன் 2002-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடினால் அவருக்குப் பர்ன் அவுட் வரும் வாய்ப்பு 23 சதவீதம் ஏறுகிறது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட நோயாளி 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் ஏறுகிறது. செவிலியரின் களைப்பு நோயாளியின் உயிரோடு கட்டப்பட்டிருக்கிறது. போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். நைட் டூட்டியில் நீங்கள் எந்த அரசு வார்டுக்கு வேண்டுமானாலும் போய் எண்ணிப் பாருங்கள். தமிழகத்தில் 2015-ல் தேர்வு வாரியம் மூலம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த செவிலியர்கள் பணி நிரந்தரத்துக்காக எத்தனை முறை தெருவில் இறங்கினார்கள் என்பதும் நமக்குத் தெரியும். நாளை வேலை இருக்குமா என்று தெரியாதவருக்கு மன அமைதிப் பயிற்சி கொடுப்பதில் என்ன நியாயம்?

கிராமத்தில் இதே பாரம் வேறு உருவத்தில் வருகிறது. கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணியைப் பார்க்கும் நேரத்தைவிட, பார்த்ததைக் கணினியில் ஏற்றும் நேரம் கூடிவிட்டது என்ற புலம்பலைக் கேட்காத ஆரம்ப சுகாதார நிலையம் இருக்காது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர்கள் ஊக்கத்தொகைக்கு உழைக்கிறார்கள். அவர்களுடைய சோர்வை யாரும் அளப்பதாகவே தெரியவில்லை.

பணம் அதிகம் கேட்காத வழிகளும் உண்டு. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் மருத்துவர்கள் சிறு குழுவாக இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் கூடித் தங்கள் வேலையைப் பற்றிப் பேசினார்கள். ஒன்பது மாதங்களில் வேலையில் ஈடுபாடு கூடியது, நோயாளியைப் பொருளாகப் பார்க்கும் மனநிலை குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஒரு மணி நேரத்தை நிர்வாகம் வேலை நேரத்திலிருந்தே கொடுத்தது. யாரும் தூக்கத்தை விட்டுக்கொடுக்கவில்லை. இந்தச் சிந்தனை வேலூருக்கு அந்நியமானது அல்ல. 1957-ல் வேலூர் பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையத்தைத் தொடங்கிய கனடிய மருத்துவர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் காலத்திலிருந்தே அங்கே நோயாளியோடு குடும்பமும் தங்குகிறது. தனியாகப் போராடச் சொல்லி யாரையும் குணப்படுத்த முடியாது என்ற புரிதல் அது. சிஎம்சி மாணவர்களுக்கு ஓர் ஆசிரியர் குடும்பம் வளர்ப்புக் குடும்பமாக அமையும் வழக்கமும் அதே வகைதான். நோயாளிக்கும் மாணவருக்கும் கிடைத்த இந்தத் துணை, முப்பது வயதில் ஐசியூவில் நிற்கும் செவிலியருக்கும் வேண்டாமா?

நம் பங்குக்கு வருவோம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழகத்தில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. ஆனாலும் 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் பணியில் இருந்த மருத்துவர் கத்தியால் குத்தப்பட்டார். ஒவ்வொரு ஓபியிலும் காத்திருப்பவரின் கோபம் முதலில் விழுவது, அந்தக் காத்திருப்புக்கு எந்த விதத்திலும் பொறுப்பில்லாத ஒரு செவிலியர் மீதுதான். அந்தக் கோபத்தைச் சரியான இடத்துக்குத் திருப்புங்கள். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் எந்த மருத்துவமனையில் எத்தனை செவிலியர் இடம் காலியாக இருக்கிறது, டூட்டி எத்தனை மணி நேரம் என்று உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். டூட்டி அட்டவணையை ஊரறிய ஒட்டச் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் மருத்துவரோ, செவிலியரோ, ஹவுஸ் சர்ஜனோ தாங்க முடியாத நிலையில் இருந்தால் தயங்காமல் பேசுங்கள். தமிழக அரசின் 104, மத்திய அரசின் டெலி மானஸ் 14416 ஆகிய இரண்டு எண்களுக்கும் கட்டணம் கிடையாது.