சொந்த மண்ணில் விளையாட ஒரு மைதானம்

(இரண்டாம் ஆண்டு சிவில் மாணவர்)



உலகக்கோப்பை வந்தால் நம் ஹாஸ்டலில் யாருக்கும் தூக்கம் கிடையாது. ஆனால் ஃபாரோ தீவுகள் என்றால் எத்தனை பேருக்குத் தெரியும்? வட அட்லாண்டிக் கடலில், டென்மார்க்கின் கீழ் தன்னாட்சியோடு இருக்கும் 18 தீவுகள். 1990-இல் மொத்த ஜனத்தொகையே 50,000-க்குள்தான்.

1988-இல் ஃபிஃபாவில் சேர்ந்தார்கள். ஆட ஆள் இருந்தது, ஆசையும் இருந்தது. சர்வதேசப் போட்டிக்கு வேண்டிய புல்தரை மட்டும் இல்லை! அதனால் தங்கள் 'சொந்த மைதான' ஆட்டத்தையே 1,000 கிலோமீட்டருக்கு அப்பால், ஸ்வீடனின் லான்ட்ஸ்க்ரோனா நகரில் ஆட வேண்டியதாயிற்று. 12.9.1990 அன்று அங்கே ஆஸ்திரியாவை 1-0 என்று தோற்கடித்தார்கள். அந்த வருஷம் உலகக்கோப்பையில் ஆடிய டீம் அது! கோல் போட்ட டோர்கில் நீல்சன், பிழைப்புக்கு மரம் விற்கும் வேலை பார்த்தவர். ஆனால் அந்த வெற்றி சொந்த மண்ணில் நடக்கவில்லையே!

ஏன் மைதானம் இல்லை? எரிமலைக் குழம்பு இறுகிய பாறைத் தீவுகள் அவை. மேல்மண் கொஞ்சம்தான், சமதரை அதைவிடக் குறைவு. வருஷம் பூரா மழை. கோடையிலும் சராசரி 11 டிகிரி அளவுதான். ஆடு மேயப் புல் வளரும். ஆனால் பூட்ஸ் காலில் மிதிபட்டால் சீக்கிரம் தழைக்காது, தரை சேறாகிவிடும்.

முதலில் டோஃப்டிர் என்ற ஊரில், மலைமேல் இடத்தைச் சமப்படுத்திப் புல்மைதானம் அமைத்தார்கள். பிறகு தலைநகர் டோர்ஸ்ஹவ்னில் 1999-இல் தேசிய மைதானமான டோர்ஸ்வோட்லூர் எழுந்தது. இன்று சுமார் 5,000 பேர் உட்காரலாம். புல்தரையை எடுத்துவிட்டுச் செயற்கைப்புல்லும் போட்டாயிற்று.

செயற்கைப்புல் என்றால் வெறும் பாய் விரிப்பது இல்லீங்க. அடிமண்ணை நன்றாகக் கெட்டிக்க வேண்டும். தண்ணீர் வடியக் குழாய் பதித்து, மேலே உடைத்த ஜல்லியைச் சரியான சரிவில் பரப்ப வேண்டும். அதற்கும் மேலேதான் புல்விரிப்பு. அது நகராமலும் பந்து சரியாக எழும்பவும் இழைகளுக்கு நடுவில் மணலும் ரப்பர் துகளும் போடுவார்கள். "அடித்தரை சரியில்லேன்னா மேல எதைப் போட்டும் பிரயோஜனமில்லைடா" என்று மண்வேலைக்குப் போகும் என் அப்பா சொல்வார். நம்ம பாடப்புத்தகமும் அதையேதான் சொல்கிறது!

25.9.2022 அன்று இதே டோர்ஸ்வோட்லூரில் துருக்கியை 2-1 என்று வென்றது ஃபாரோ. இந்த முறை ஊர் ஜனங்கள் சொந்த ஊரிலேயே உட்கார்ந்து பார்த்தார்கள். கோல் போட்டவரைப் பாராட்டும்போது, தண்ணீர் வடியக் குழாய் பதித்தவரையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள் நண்பர்களே!