பில் இல்லாத லென்ஸ் வேண்டாம்

ஆட்களைப் படமெடுக்க லென்ஸ் வாங்கிவிட்டு உதவி கேட்டு வருபவர்களின் குறைகள் பெரும்பாலும் இவைதான். கேமராவில் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யவில்லை. சில மாதங்களில் லென்ஸின் மோட்டார் நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் “இது இந்தியாவுக்கு வந்த சரக்கு இல்லை” என்று கைவிரித்துவிட்டார்கள். உள்ளே ஃபங்கஸ் படர்ந்திருந்தது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. “பில்லைக் காட்டுங்கள்” என்றால் பலரிடம் பதில் இல்லை. வரி மிச்சம் என்ற பேச்சை நம்பி, பில் இல்லாமல் ரொக்கம் கொடுத்திருப்பார்கள். வரியில் மிச்சம் பிடித்தவர் முழுப் பணத்துக்கும் இருந்த உரிமையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

எதை வாங்குவது

மிக அருகில் நின்று எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும். ஐந்தாறு அடி தள்ளி நின்றால் முகம் இயல்பாக வரும். அந்தத் தூரத்தில் தலையும் தோளும் படத்தை நிறைக்க, ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்கு 85 மி.மீ. பொருத்தம். ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸே கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்துவிடும்: நிக்கான், சோனியில் 75 மி.மீ.க்கும் கேனானில் 80 மி.மீ.க்கும் இணையாக நிற்கும். எஃப் 1.8 போதும். 85 மி.மீ.யில் அதற்கே ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் விழக்கூடும்.

அடுத்து, லென்ஸ் உங்கள் பாடிக்குப் பொருந்துமா என்று பாருங்கள். நிக்கான் டி3500, டி5600 போன்ற பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8டி லென்ஸை அவற்றில் மாட்டினால் கையால் திருப்பித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அவற்றுக்கு ஏஎஃப்-எஸ் வகை வேண்டும். விவரம் கேட்காமல் நீங்களே எடுத்து வந்திருந்தால் லென்ஸில் பழுது இல்லை என்று கடைக்காரர் சொல்வார், அது சரிதான். ஆனால் தேவையைச் சொல்லி, அவருடைய பேச்சை நம்பி வாங்கியிருந்தால் 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு உங்களுக்குக் கைகொடுக்கும். வாய்ப்பேச்சை நிரூபிப்பது கடினம். ஆகவே “டி5600 பாடியில் ஆட்டோஃபோகஸுடன் இயங்கும்” என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பணம் கொடுக்கும் முன்

பெட்டியின் மேல் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, மாதம், ஆண்டு அச்சான ஒட்டுச்சீட்டு இருக்க வேண்டும். பொட்டலப் பொருள்கள் விதிகள் இதைக் கட்டாயமாக்குகின்றன. அது இல்லாவிட்டால் கிரே மார்க்கெட் சரக்கு என்று சந்தேகப்படுங்கள், வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் இது குறித்துப் புகார் கொடுக்க வேண்டிய இடம் தொழிலாளர் துறை. அமலாக்கப் பிரிவின் தொழிலாளர் உதவி ஆணையரிடம் எழுத்தில் கொடுங்கள். “இது எங்கள் வேலை இல்லை” என்று யாராவது திருப்பி அனுப்பப் பார்த்தாலும், நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் அங்கிருந்து நகராதீர்கள்.

பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண், லென்ஸின் முழுப் பெயர், சீரியல் எண் மூன்றும் வேண்டும். தமிழ்நாட்டுக் கடையின் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கும். பில்லில் உள்ள சீரியல் எண்ணும் லென்ஸில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று அங்கேயே ஒப்பிடுங்கள். பழைய லென்ஸ் என்றால் செல்போன் டார்ச்சை ஒரு முனையில் பிடித்து மறு முனை வழியே பாருங்கள். சிலந்தி நூல் போல இழைகள் தெரிந்தால் அது ஃபங்கஸ். பொதுவாக வாரண்டி அதற்குப் பொருந்தாது. கடையில் வாங்கினால் “ஃபங்கஸ் இல்லை” என்றும் எழுதி வாங்குங்கள்.

தனிநபரிடம் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அவர் வியாபாரி அல்லர்; நுகர்வோர் ஆணையம் பொதுவாக உங்களுக்கு உதவாது. திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். சீரியல் எண் எழுதிய கையெழுத்துச் சீட்டும் அவருடைய பழைய பில்லின் நகலும் இல்லாமல் பணம் தராதீர்கள். ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்தால் உடனே 1930 எண்ணை அழையுங்கள்.

பழுது வந்தால்

முதலில் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் பழுது என்னவென்று எழுத்தில் வாங்குங்கள். பிறகு கடைக்கும் இறக்குமதியாளருக்கும் விரைவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றை எடுத்து வையுங்கள். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்ற பலகையைக் கண்டு பின்வாங்க வேண்டாம். பில்லில் கெடு குறிப்பிடாதபோது, பழுதான பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பில் தர மறுப்பதும் அதே குற்றச்சாட்டில் வரும். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை உறுதிப்படுத்தி, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே சமரசம் பேசுவார்கள். உத்தரவு போட முடியாது. அதை நம்பி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் செய்ய இரண்டு ஆண்டுதான் அவகாசம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம்.

கல்யாண வேலை செய்யும் புகைப்படக்காரர்கள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. “வணிக நோக்கத்தில் வாங்கியவர் நுகர்வோர் அல்லர்” என்று எதிர்த்தரப்பு வாதிடும். சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துவதை வணிக நோக்கமாகக் கொள்ளக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. இந்த லென்ஸ் உங்கள் பிழைப்புக்கான கருவி என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். எழுதாமல் விட்டால், உங்கள் புகாரே செல்லாது என்று வாதாட எதிர்த்தரப்புக்கு நீங்களே வழிவிட்டதாகும்.

பில், சீரியல் எண், நோட்டீஸ் சான்று மூன்றையும் இன்றே படமெடுத்து மின்னஞ்சலில் சேமியுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பில் சில மாதங்களில் அழிந்துவிடும். அடுத்த லென்ஸை வாங்கும்போது, பில் தராத கடையில் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் பணத்தை எடுக்காதீர்கள்.