பிடுங்கினால் கண் போகுமா?

மேல் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கும். கடைவாய்ப் பல்லின் வேர் மூளைவரை போகிறது. ஞானப்பல் என்று பேச்செடுத்தாலே நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் எச்சரிக்கைகள் இவை. இதைக் கேட்டுக் கன்னம் வீங்கி வாய் திறக்க முடியாமல் போகும்வரை கிராம்புத் தைலத்தோடு நாளைக் கடத்துபவர்கள் ஏராளம்.

பார்வைக்கென்று தனி நரம்பு இருக்கிறது. பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு. நாற்பதை ஒட்டிப் பல் எடுக்கிறவருக்கு அதே வயதில் வெள்ளெழுத்தும் வந்துவிடுவதால், பழி பல்லின் மேல் விழுந்திருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், ஊரே பயப்படும் மேல் ஞானப்பல் பெரும்பாலும் சுலபமாக வந்துவிடும். மருத்துவர்கள் எக்ஸ்ரேயை உற்றுப் பார்ப்பது கீழ்ப்பல்லுக்குத்தான். தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பை ஒட்டி அதன் வேர் இருந்தால், அறுவைக்குப் பிறகு உதடும் தாடையும் மரத்துப்போகலாம். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகும், அரிதாக நிலைத்துவிடும். இதைப் பற்றி எந்தப் பாட்டியும் எச்சரிப்பதில்லை! பல் எடுத்த அன்றே கொப்பளிப்பதும், சிகரெட் பிடிப்பதும் குழியில் உறைந்த ரத்தத்தைக் கலைத்துக் கடும் வலியைக் கொண்டுவரும் என்பதும் பலருக்குத் தெரியாது.

அமெரிக்காவில் கதை தலைகீழ். வலியே இல்லாவிட்டாலும் பதின்வயதிலேயே நான்கு பற்களையும் எடுத்துவிடுவது அங்கே வெகு சகஜம். ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் பேரிடமிருந்து ஒரு கோடி ஞானப்பற்கள் அகற்றப்படுவதாக 2007-இல் பல் மருத்துவர் ஜே ஃப்ரீட்மன் எழுதினார். பெரும்பாலானவை தேவையற்றவை என்பது அவர் வாதம். மறுநாளே எடுத்தாக வேண்டும் என்பதுபோல் அங்கே சொல்லப்படும் காரணம், இவை முன்பற்களை நெருக்கிக் கோணலாக்கும் என்பது. அதற்கு உறுதியான சான்று கிடையாது. வேர் முழுதாக வளரும் முன் எடுப்பது எளிது என்ற அறுவை மருத்துவர்களின் வாதத்தில் மட்டும் நியாயம் இருக்கிறது.

பிரிட்டன் 2000-ஆம் ஆண்டிலேயே முடிவுக்கு வந்துவிட்டது. நோயில்லாத ஞானப்பல்லைத் தடுப்பு நடவடிக்கையாக அகற்ற வேண்டாம் என்றது அதன் தேசிய வழிகாட்டு நெறி.

ஆகவே பல்லை எடுக்கச் சொன்னால், எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி, சொத்தையா, சீழா, பக்கத்துப் பல்லுக்குச் சேதமா என்று கேளுங்கள். இவற்றில் ஒன்று இருந்தால், கண்ணைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு நாற்காலியில் உட்காருங்கள்.